கூடும் மீனும் பெருகும் மீனும்

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் வீடுகளிலிருந்து கழிக்கப்படும் மரங்களை மீன்வளத் துறையினரும் தூண்டில்காரர் சங்கங்களும் திரட்டுகிறார்கள். அடிமரத்தில் சிமெண்ட் கல்லைக் கட்டி, படகில் ஏற்றி, நீர்த்தேக்கத்தில் முன்பே குறித்த இடத்தில் தள்ளிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அங்கே மீன் நிற்கத் தொடங்கும். தூண்டில் போடுகிறவர் கையிலும் தெரியும், படகில் உள்ள ஒலியலைக் கருவியின் திரையிலும் தெரியும். கொப்பைப் போட்டால் மீன் வரும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

ஐயம் வேறு இடத்தில் இருக்கிறது. கொப்பைச் சுற்றி நிற்கும் நூறு மீனும் ஏரியில் புதிதாகச் சேர்ந்தவையா, அல்லது ஏரி முழுவதும் சிதறிக் கிடந்தவை ஓரிடத்தில் கூடினவையா? புதிதாகச் சேர்ந்தவை என்றால் ஏரி வளம் பெற்றது. கூடினவை என்றால் பிடிப்பது எளிதாயிற்று, அவ்வளவுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். விளைவில் அவை நேரெதிராகவும் போகலாம். மீன்வள ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்த இரண்டையும் பிரித்தறிய முயன்றிருக்கிறார்கள். அந்த ஆய்வுகளைச் சேர்த்து வாசித்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது: மூழ்கிய மரம் மீன் நிற்கும் இடத்தை உறுதியாக மாற்றுகிறது, மீனின் எண்ணிக்கையைச் சில நிலைமைகளில் மட்டுமே மாற்றுகிறது. அந்த நிலைமைகள் எவை என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மிச்சிகன் ஏரிகளில் தொடக்கம்

முறையான முயற்சி 1930களில் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கியது. 1930இல் அங்கே மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று அமைந்தது. அதன் முதல் இயக்குநர் கார்ல் ஹப்ஸ். பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக உருவான குடிமை இயற்கைவளப் பாதுகாப்புப் படை ஆள்பலம் தந்தது. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் கொப்புகளைக் கட்டி, கல்லேற்றி வைத்துவிடுவார்கள். வசந்தத்தில் பனி உருகும்போது கட்டு தானே அடியில் இறங்கிவிடும். படகு வேண்டாம், மூழ்குபவர் வேண்டாம். 1938இல் ஹப்ஸும் எஷ்மேயர் என்பவரும் ஏரிகளை மீன்பிடிப்புக்காக மேம்படுத்துவது பற்றி எழுதிய கையேடு அந்த அனுபவத்தின் திரட்டு. அதே காலத்தில் ரோட்ஹெஃபர் என்பவர் கொப்புகள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் வலை இழுத்து மீன்களை எண்ணி ஒப்பிட்டார். கொப்புள்ள இடத்தில் மீன் அதிகம் என்பது எண்களாக உறுதியாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த வேலை இயற்கை ஏரிகளைவிட அணைத் தேக்கங்களில் அதிகம் பரவியது. அதற்குக் காரணம் உண்டு. அணை கட்டி நீர் நிரம்பும்போது மூழ்கும் காடும் புதரும் முதல் சில ஆண்டுகள் தேக்கத்துக்குப் பெரும் வளம் தருகின்றன. மட்கும் தழையிலிருந்து ஊட்டம் கரைகிறது, நிற்கும் மரங்களில் மீன் ஒதுங்குகிறது. பிறகு மரங்கள் உளுத்து விழுகின்றன, வண்டல் படிகிறது. நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் கரையோரம் நீர்த்தாவரம் வேர்பிடிப்பதில்லை. முடிவில் அடித்தரை மொட்டையாகிறது. மிசௌரி மாநிலத்தில் 1958இல் கட்டி முடிந்த டேபிள் ராக் அணைத் தேக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2007 முதல் சில ஆண்டுகளில் அங்கே மரக் குவியல், வேரோடு பிடுங்கிய அடிக்கட்டை, பாறைக் குவியல் என 2,000க்கும் மேற்பட்ட அமைப்புகளை இறக்கினார்கள். அவை இருக்கும் இடங்களை மக்களுக்கு வெளிப்படையாகவும் அறிவித்தார்கள்.

மீன் ஏன் வருகிறது

மீன் கொப்பை நாடுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அவற்றைத் தனித்தனியே பார்ப்பது அவசியம், ஏனெனில் கூடுவதற்கான காரணமும் பெருகுவதற்கான காரணமும் இவற்றில் பின்னிக் கிடக்கின்றன.

முதலாவது ஒதுங்கிடம். குஞ்சு மீனுக்கு அடர்ந்த கொப்பு உயிர்காப்பு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சவினோவும் ஸ்டைனும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. தொட்டிகளில் செயற்கைத் தண்டுகளை நட்டு, பெருவாய் பாஸ் மீனையும் அதற்கு இரையாகும் புளூகில் மீனையும் விட்டார்கள். ஒரு சதுர மீட்டரில் 50 தண்டு இருந்தபோது பாஸ் இரையைத் துரத்திப் பிடித்தது. 250 தண்டானபோது அதன் வெற்றி ஏறக்குறைய இல்லாமல்போனது. 1,000 தண்டிலும் அதே நிலைதான். நெருக்கம் கூடினால் குஞ்சு பிழைக்கிறது, பெரிய மீன் பட்டினி கிடக்கிறது. நெருக்கம் குறைந்தால் நிலைமை தலைகீழ். ஆகவே இடைவெளியின் அளவை முடிவு செய்கிறவர் எந்த மீனுக்குச் சாதகம் செய்கிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

இரண்டாவது தீனி. நீரில் கிடக்கும் மரத்தின் மேல் சில வாரங்களில் வழவழப்பான ஒட்டுப்பாசி படர்கிறது. அதில் நுண்ணுயிர்களும் பூச்சிப் புழுக்களும் குடியேறுகின்றன. வங்கதேசத்தில் மீன் குளங்களில் மூங்கில் கழிகளை நட்டுச் செய்த ஆய்வுகள் இந்தப் பாசியால் ரோகு விளைச்சல் கணிசமாகக் கூடுவதைக் காட்டியுள்ளன. இங்கே மீன் வெறுமனே கூடவில்லை. வெளிச்சம் மரத்தின் மேல் பட்டு உணவாகி, உணவு மீனாகிறது. ஆனால் அதற்கு வெளிச்சம் எட்டும் ஆழமும் நீரில் போதிய ஊட்டமும் வேண்டும். கலங்கிய நீரில் 8 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கொப்பில் இது நடக்காது.

மூன்றாவது, திறந்த நீரில் மீனுக்கு ஓர் அடையாளம். பல மீன்களுக்கு ஏதேனும் ஒரு பொருளின் அருகில் நிற்பதே இயல்பு. தீனியும் காப்பும் வேறிடத்தில் தாராளமாக இருந்தாலும் கட்டையைக் கண்டால் அருகில் வந்து நிற்கும். கிராப்பி மீன் பிடிப்பவர்கள் கொப்புக் குவியல்களைத் தேடிப் போவது இந்த இயல்பை நம்பித்தான்.

முதல் இரண்டும் மீனைப் பெருக்கக்கூடியவை. மூன்றாவது கூட்ட மட்டுமே செய்யும். கொப்பின் அருகே நின்று எண்ணுகிறவருக்கு மூன்றும் ஒரே எண்ணாகவே வரும்.

ஈர்ப்பா, பெருக்கமா

கடலில் செயற்கைப் பாறைத்திட்டு அமைப்பவர்களிடையே இதே வாதம் சூடாக நடந்தது. 1989இல் ஆய்வாளர் ஜேம்ஸ் போன்சாக் எழுதிய கட்டுரை அந்த வாதத்தை ஒழுங்குபடுத்தியது. ஈர்ப்பா பெருக்கமா என்று ஒற்றை விடை கேட்பதே பிழை, இரண்டுக்கும் இடையே ஒரு நீண்ட படிவரிசை உண்டு என்பது அவர் வாதம். இயற்கையான ஒதுங்கிடம் அருகில் நிறைய இருந்தால், மீன் அலைந்து திரியும் வகையானால், பிடிப்பு கடுமையாக இருந்தால், புதிய அமைப்பு பெரும்பாலும் ஈர்க்க மட்டுமே செய்யும். ஒதுங்கிடமே அரிதான தனித்த இடத்தில், ஓரிடத்தை விட்டு அகலாத வகை மீனுக்கு அது பெருக்கமாக அமையலாம்.

இதன் அடியில் இருப்பது எளிய தர்க்கம். ஒரு நீர்நிலையில் மீன் இன்னும் பெருகாமல் இருப்பதற்கு ஏதோ ஒன்று தடையாக இருக்கிறது. அது தீனிக் குறைவாக இருக்கலாம். முட்டையிடும் இடம் இல்லாததாக இருக்கலாம். கோடையில் அடிநீரில் பிராணவாயு அற்றுப்போவதாக இருக்கலாம். மிகைப்பிடிப்பாகவும் இருக்கலாம். தடை ஒதுங்கிடம் என்றால் மட்டுமே ஒதுங்கிடம் தருவது மருந்தாகும். மற்றவற்றுக்கு அது மருந்தல்ல, மிகைப்பிடிப்பு தடையாக உள்ள இடத்தில் அது நோயை முற்றவும் செய்யும்.

எடுத்துப் பார்த்ததும் இட்டுப் பார்த்ததும்

இதைச் சோதிக்க ஒரே நேர்மையான வழி ஏரி முழுவதையும் ஆய்வுக்களமாக்குவது. விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கில் உள்ள லிட்டில் ராக் ஏரி இதற்கு வாய்த்தது. இடை குறுகி இரண்டு கிண்ணமாக அமைந்த ஏரி அது. 1980களில் அமில மழை ஆய்வுக்காக நடுவே திரையிட்டு இரு பாகமாகப் பிரித்திருந்தார்கள். 2002இல் கிரெக் சாஸும் சக ஆய்வாளர்களும் ஒரு பாகத்தின் கரையோரத்தில் கிடந்த விழுந்த மரங்களில் முக்கால் பங்குக்கு மேல் அகற்றினார்கள். மறுபாகத்தைத் தொடவில்லை.

மரம் போன பாகத்தில் மஞ்சள் பெர்ச் என்ற மீன் அருகிப்போனது. இந்த மீன் நாடா போன்ற முட்டைச் சரத்தை நீரில் கிடக்கும் கிளைகளில் சுற்றிவிடும். கிளை இல்லாமல் இனப்பெருக்கம் தடைப்பட்டது, மறைவிடம் இல்லாமல் இருந்தவையும் பாஸுக்கு இரையாயின. இரை தீர்ந்த பாஸ், கரையிலிருந்து நீரில் விழும் பூச்சி முதலானவற்றைத் தின்றது. அதன் வளர்ச்சி மந்தமானது. மரத்தை எடுத்ததன் அடி உணவுச் சங்கிலி முழுவதிலும் விழுந்தது.

அப்படியானால் மரத்தை இட்டால் எல்லாம் பெருக வேண்டும் அல்லவா? அதே வட்டாரத்தின் கேம்ப் ஏரியில் 2004இல் கரையோர நீரில் 300க்கும் மேற்பட்ட மரங்களை இட்டார்கள். பாஸ் மீன்கள் உடனே மரங்களை நாடின. அவை சுற்றித் திரியும் பரப்பு சுருங்கியது, மீனைத் தின்பதும் கூடியது. ஆனால் ஆய்வு நடந்த ஆண்டுகளில் அவற்றின் வளர்ச்சியில் எதிர்பார்த்த ஏற்றம் காணப்படவில்லை.

இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எடுத்ததன் கேடு விரைவில் வந்தது, இட்டதன் பலன் அதே வேகத்தில் வரவில்லை. இட்டவுடன் மாறியது மீனின் நடமாட்டமும் தீனியுமே. எண்ணிக்கையும் எடையும் கூட வேண்டுமானால் பல தலைமுறை மீன்கள் பிறந்து வளர வேண்டும், அவற்றை வேறு தடைகளும் மறிக்கக் கூடாது.

மரத்துக்கென ஒரு காலக்கணக்கு இருப்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் உள்ள ஸ்வான் ஏரியின் கரையோரத்தில் கிடக்கும் வெள்ளைப் பைன் கட்டைகளின் வளையங்களை ஆராய்ந்த கயெட்டும் கோலும், அம்மரத்தின் வயது சராசரியாக 400 ஆண்டுக்கு மேல் என்று 1999இல் கண்டறிந்தார்கள். விஸ்கான்சினிலும் மேல் மிச்சிகனிலும் 16 ஏரிகளை ஆராய்ந்த கிறிஸ்டென்சன் குழு 1996இல் ஓர் ஒப்பீட்டைத் தந்தது. வீடுகளே இல்லாத ஏரிகளில் ஒரு கிலோமீட்டர் கரைக்குச் சராசரியாக 555 கட்டைகள் கிடந்தன. குடில்கள் அமைந்த கரையில் 57 மட்டுமே. படகுத்துறைக்காகவும் நீச்சலுக்காகவும் பார்வைக்காகவும் ஒரே கோடையில் இழுத்துப் போடுகிற கட்டை நூற்றாண்டுகளின் சேமிப்பு. சிமெண்ட் கல் கட்டிய கிறிஸ்துமஸ் மரத்தின் ஊசியிலைகளும் சிறு கிளைகளும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். இழப்பின் அளவும் ஈட்டின் அளவும் ஒரே தட்டில் நிற்பவை அல்ல.

ஜெர்மனியின் இருபது ஏரிகள்

இந்தத் துறையில் இதுவரை நடந்த சோதனைகளில் வலுவான ஒன்று ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலத்தில் நடந்தது. சரளைக்கல் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து உருவான ஏரிகள் அங்கே ஏராளம். அவற்றின் மீன் உரிமையும் பராமரிப்புப் பொறுப்பும் தூண்டில் சங்கங்களிடம் உள்ளன. ராபர்ட் ஆர்லிங்ஹவுஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் சங்கங்களோடு சேர்ந்து 20 ஏரிகளை 6 ஆண்டுகள் கண்காணித்தார்கள். சில ஏரிகளில் கொப்புக் கட்டுகளை இறக்கினார்கள். சிலவற்றில் கரையை வெட்டிச் சரித்து ஆழமற்ற நீர்ப்பரப்பை உண்டாக்கினார்கள். சிலவற்றில் வழக்கம்போல் மீன் வாங்கி விட்டார்கள். சிலவற்றை அப்படியே விட்டுவைத்தார்கள். 1,50,000க்கும் மேற்பட்ட மீன்களைப் பிடித்துக் கணக்கிட்ட பின், 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவு வெளிவந்தது.

மீன் விடுதல் முழுத் தோல்வி. கொப்பு மட்டும் இட்ட ஏரிகளில் சராசரியாகப் பார்த்தால் மீன் கூடவில்லை. ஆழமற்ற பரப்பை உண்டாக்கிய ஏரிகளில் மீன் தொடர்ந்து கூடியது, குறிப்பாகக் குஞ்சு மீன்.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. சரளைப் பள்ளத்தின் கரை செங்குத்தாக இறங்கும். சூரியன் அடிவரை எட்டி, நீர் சீக்கிரம் சூடேறி, தாவரம் முளைத்து, குஞ்சு மீன் மேயக்கூடிய முழங்கால் ஆழ நீர் அங்கே இல்லை. அந்த ஏரிகளின் தடை கொப்பில்லாமை அன்று, கரையில்லாமை. இல்லாததைக் கொடுத்த இடத்தில் மீன் பெருகியது. எளிதில் கொடுக்கக்கூடியதைக் கொடுத்த இடத்தில் பெருகவில்லை. கரையை வெட்டிச் சரிப்பது செலவும் உழைப்பும் மிக்க வேலை. லாரியில் கொப்பு கொண்டுவந்து இறக்குவது ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. பலனை முன்வைத்துத் தேர்ந்தால் முதலாவது, வசதியை முன்வைத்துத் தேர்ந்தால் இரண்டாவது.

பெனினும் நீர்கொழும்பும்

ஆய்வாளர்கள் எழுதத் தொடங்குவதற்கு வெகுமுன்பே உலகின் பல கரைகளில் மீனவர்கள் கொப்பு நட்டு மீன் வளர்த்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் நொகூவே ஏரியில் இதற்கு அகாஜா என்று பெயர். ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பில் கிளைகளை நெருக்கமாக ஊன்றி மாதக்கணக்கில் விட்டுவைப்பார்கள். கிளைகளில் பாசி படரும், திலேப்பியா வகை மீன் உள்ளேயே மேய்ந்து உள்ளேயே குஞ்சு பொரிக்கும். பிறகு சுற்றி வலை வளைத்து, கிளைகளைப் பிடுங்கி, மீனை அள்ளுவார்கள். நாடு தஹோமி என்று அழைக்கப்பட்ட காலத்தில் இதை ஆராய்ந்து 1972இல் எழுதிய ராபின் வெல்கம், ஹெக்டேருக்கு ஆண்டுக்குப் பல டன் என்ற அளவில் விளைச்சலைப் பதிவு செய்தார். வெளிச்சம் அடிவரை எட்டும் ஆழம், ஊட்டம் நிறைந்த நீர், இடம்விட்டுப் போகாத மீன் என, பெருக்கத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே ஒருசேர இருந்தன.

ஆனால் அகாஜாவுக்குத் தின்னத் தின்னக் கொப்பு வேண்டும். கிளைகள் மட்கி ஆண்டுதோறும் புதிதாக ஊன்ற வேண்டியிருந்ததால் கரையோரக் காடுகள் வெட்டுப்பட்டன. நெருங்கிய கிளைகளிடையே வண்டல் தங்கி ஏரி மேடிட்டது. பொதுநீரில் கொப்பு நட்டவர் அந்தப் பரப்பைத் தன் சொத்தாகக் கொண்டாடினார். நடுவதற்குப் பணம் இல்லாதவருக்கு வலை வீச இடம் சுருங்கி, மோதல்கள் வந்தன. விளைச்சல் கூடியது உண்மை, அதன் செலவு காட்டின் மேலும் ஏழை மீனவர் மேலும் விழுந்ததும் உண்மை.

இலங்கையின் மேற்குக் கரையில் நீர்கொழும்புக் களப்பு இதற்கு வேறொரு விடை கண்டது. ஏறத்தாழ 3,200 ஹெக்டேர் பரப்புள்ள ஆழமற்ற களப்பு அது. மீனவர்கள் கண்டல் கிளைகளை வட்டமாகக் குவித்து நட்டு, சில வாரம் கழித்து வலையால் வளைத்துப் பிடிக்கிறார்கள். சிங்களத்தில் ‘மஸ் அத்து’ என்பார்கள். ஓரா, மடவை, இறால் என்று களப்புக்குக் கடலிலிருந்து குஞ்சாக வந்து வளரும் பலவகை உயிர்கள் அதில் தங்கும். கிளைக்காகக் கண்டல் காட்டை அழித்தால் தொழிலே அழியும் என்று உணர்ந்த மீனவர்கள், தங்கள் துண்டு நிலங்களில் கண்டல் நட்டு, கவாத்து செய்வதுபோல் கிளைகளை மட்டும் முறைவைத்து வெட்டுகிறார்கள். கண்டல் வளர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் மரபான காடு வளர்ப்புக்கு எடுத்துக்காட்டாக இதைச் சுட்டுவதுண்டு.

இந்த இரண்டு இடங்களின் வேறுபாடு நுட்பத்தில் இல்லை. ஒரே கொப்பு, ஒரே ஆழமற்ற நீர், ஒரே வளைப்பு வலை. கொப்பு எங்கிருந்து வருகிறது, நடும் உரிமை யாருக்கு என்ற இரண்டில்தான் விளைவு பிரிகிறது.

எதை இறக்குவது

பொருளைப் பற்றிய பேச்சு இத்துறையில் அளவுக்கு மீறி நடக்கிறது. சுருக்கமாகச் சில உறுதியான செய்திகளைச் சொல்லலாம். எப்போதும் நீருக்கடியில் இருக்கும் வன்மரம் நெடுங்காலம் நிற்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் வரம்பில் மாறி மாறி நனைந்து காயும் மரம் சீக்கிரம் உளுத்துப்போகும். கோடையில் அடிநீரில் பிராணவாயு அற்றுப்போகும் தேக்கங்களில் அந்த எல்லைக்குக் கீழே இறக்கிய எதுவும் அந்தப் பருவத்தில் பயன்படாது. பிளாஸ்டிக் குழாய்களால் ஆன அமைப்புகள் மட்காது, தூண்டில் முள்ளும் அவற்றில் அவ்வளவாகச் சிக்காது என்பதால் இப்போது விற்பனையில் உள்ளன. மட்காமையே அவற்றின் மேலுள்ள குறையும்: வைத்த இடம் தவறாகப் போனால் தானே மறையாது.

அந்தத் தவறின் விலையை ஃபுளோரிடா காட்டியது. 1970களில் ஃபோர்ட் லாடர்டேல் கடலில் மீன் பெருக்கும் நோக்கத்தில் ஏறத்தாழ 20 லட்சம் பழைய டயர்களைக் கொட்டினார்கள். கட்டியிருந்த பிணைப்புகள் அறுந்து டயர்கள் உருண்டு, அருகிலிருந்த இயற்கையான பவளத்தை இடித்து நொறுக்கின. அவற்றை அள்ளும் வேலையில் 2007 முதல் ராணுவ மூழ்காளர்கள்கூட ஈடுபட்டார்கள். மீனுக்கு வீடு என்ற பெயரில் குப்பையைக் கழிக்கும் ஆசை அன்று அங்கே வேலை செய்தது. ஏரிகளிலும் பழைய டயர்களை இப்படி இறக்கியதுண்டு.

பிடிப்பவர் கணக்கு

கூடிய மீன் பிடிபடக்கூடிய மீன். 2018இல் சந்தைக்கு வந்த கார்மின் லைவ்ஸ்கோப் போன்ற நேரலை ஒலியலைக் கருவிகள், கொப்புக்குள் நிற்கும் ஒவ்வொரு மீனையும், அது தூண்டிலை நோக்கித் திரும்புவதையும் திரையில் காட்டுகின்றன. கொப்பு இருக்கும் இடத்தின் வரைபடத்தை அரசே தருகிறது. மீனைத் தேடி அலையும் நேரம் முன்பு மீனுக்கே ஒரு காப்பாக இருந்தது. வரைபடமும் திரையும் சேர்ந்து அதைப் போக்கிவிட்டன. இந்த நிலையில் தேக்கத்தின் மொத்த மீன் குறைந்துகொண்டிருந்தாலும் கொப்பருகே பிடிப்பு நெடுநாள் குறையாமல் இருக்கக்கூடும். பிடிப்பை மட்டும் பார்த்து ஏரி நலமாயிருக்கிறது என்று நம்புகிறவர்கள் சரிவைக் கடைசியில்தான் அறிவார்கள்.

இதைச் சொல்வதால் கொப்பு இறக்குவது வீண் என்று ஆகாது. கரையில் கார் நிறுத்தி ஒரு மணி நேரம் தூண்டில் போட வரும் முதியவருக்கும் சிறுவருக்கும் எட்டும் தூரத்தில் மீனை நிற்க வைப்பது நல்ல நோக்கமே. அதை மீன் பெருக்கம் என்ற பெயரில் கணக்கெழுதுவதுதான் தவறு. பெருக்கம் வேண்டுமென்றால் வேலை வேறு வரிசையில் நடக்க வேண்டும். கரையில் இன்னும் கிடக்கும் மரங்களை எடுக்காமல் காப்பது முதலில். அந்த ஏரியில் எது இல்லை என்று கண்டறிவது அடுத்து. கொப்பு இறக்குவது அதற்குப் பிறகு, அதுவும் பிடிப்பு வரம்போடு சேர்த்து. விளைவைக் கொப்பருகே எண்ணாமல் ஏரி முழுவதும் எண்ண வேண்டும், பிடிபட்ட பெரிய மீனை எண்ணுவதைவிட அந்த ஆண்டு பிழைத்த குஞ்சை எண்ண வேண்டும். கொப்புகளின் வரைபடத்தை வெளியிடும் மீன்வளத் துறைகள் ஆண்டுதோறும் அந்தக் குஞ்சுக் கணக்கையும் அதனுடன் வெளியிடட்டும். செலவு மீனுக்கு ஆயிற்றா, தூண்டிலுக்கு ஆயிற்றா என்பதை வரி கட்டுகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.